பச்சைத் தேயிலைக் கஷாயம்

கிரீன் டீ உடம்புக்கு நல்லது என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். போன வாரம் எதிர் ஃபிளாட்டுப் பெண் ஒரு பச்சை அட்டைப்பெட்டியை நீட்டி, "குடிச்சுப் பாருங்க மாமி. கொழுப்பு கரையும், பிரஷர் இறங்கும், வயசே தெரியாது" என்று ஆரம்பித்தாள். பாவம், நல்ல பெண். அவளிடம் என் கோபத்தைக் காட்டி என்ன ஆகப் போகிறது? "வயசு தெரிஞ்சா என்னடி நஷ்டம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று.

தேயிலை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இலை என்ன செய்யும்? அவள் சொன்ன நன்மைகள் எல்லாம் அதில் இருந்தாலும் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டை அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே நான் கேட்டாயிற்று. பாடியவர் என் கணவர். நம்பியவர்களில் நான் ஒருத்தி. என் தம்பி இன்னொருவன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் இருந்தோம். என் கணவருக்குத் திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் வேலை. காலையில் பஸ் ஏறிக் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போனால் இருட்டுகிற வேளைக்குத் திரும்புவார். அவர் குடும்பத்தில் ஆண்கள் ஐம்பது வயதைத் தாண்டுவது அபூர்வம். என் மாமனார் ஒரு நாள் காலை சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். என் கணவருடைய அண்ணா ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னாலேயே சரிந்தார். இரண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்புதான். இந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டேதான் நான் அந்த வீட்டுக்குள் வாழ வந்தேன்.

ஆகவே ஒரு சாயங்காலம் அவர் வெளிறிய முகத்தோடு வந்து, "மெயின்கார்டு கேட் கிட்டத் தலை சுத்திடுத்து. பக்கத்துல ஒரு டாக்டர்ட்ட காமிச்சேன். பிளட் பிரஷராம்" என்று சொன்னபோது எனக்கு மாமனார் சாய்ந்த கதைதான் முதலில் ஞாபகம் வந்தது.

"மருந்து என்ன குடுத்தார்?" என்று கேட்டேன்.

"மருந்தெல்லாம் ஒண்ணும் வேண்டாமாம். உப்பைக் குறைக்கணும், காபியை விடணும். அவ்வளவுதான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் விடியற்காலையில் தாயார் சன்னிதிக்குப் போனேன். காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு காயையோ பழத்தையோ அங்கே விட்டுவிட்டு வருவார்கள், பிறகு ஆயுசுக்கும் தொட மாட்டார்கள். எனக்குக் காசி வரைக்கும் போக வழியில்லை. தாயாருக்கு முன்னால் நின்று காபியை விட்டேன். அவர் விட வேண்டியது வைத்தியத்துக்காக. நான் விட்டது அவர் உயிருக்காக.

இது பெரிய விஷயமா என்று இப்போது கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் காபியைத் தெரியாது. கொட்டையை நானே இரும்பு வாணலியில் வறுத்து, கை மிஷினில் அரைத்து, முதல் டிகாக்ஷன் இறங்குகிற வரைக்கும் யாரோடும் பேசாமல் நிற்பேன். அந்த முதல் டம்ளர் என்னுடையது. காலையில் எழுந்திருப்பதற்கே எனக்கு வேறு காரணம் இருந்ததாக ஞாபகமில்லை. அதை விட்ட முதல் வாரம் தலை இரண்டாகப் பிளந்துவிடும் போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை வந்தது. என் கணவரோடு படித்த ஒருவர் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தார். அவர் ஒரு துணிப்பையில் காய்ந்த பச்சை இலையைக் கொண்டு வந்து கொடுத்தார். பறித்தவுடனே சூடு காட்டிப் பச்சையாகவே உலர்த்தியதாம், வெளியூருக்கு அனுப்புவதற்காகக் கொஞ்சமாகச் செய்வதாம். காபிக்குப் பதில் இதைக் குடி, பிரஷருக்கு நல்லது என்று எஸ்டேட்டில் எல்லாரும் சொல்கிறார்கள் என்றார்.

எங்கள் தெருவில் அந்த நாளில் டீ என்பது வீட்டுக்குள் வராத பண்டம். ஸ்டேஷன் வாசலில் வண்டிக்காரர்கள் குடிப்பது என்று ஒதுக்கி வைத்திருந்தோம். என் மடி சமையலறையில் தேயிலையை எப்படி ஏற்றுவது? என் கணவரே வழி சொன்னார். "இது டீ இல்லை. பச்சிலை. மூலிகை. நீ கஷாயமா வை."

கஷாயம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே முறைதான். புது மண்சட்டி வாங்கினேன். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டுகிற வரையில் குமுட்டி அடுப்பில் அந்த இலையைக் கொதிக்க வைத்தேன். கடைசியில் கறுத்த பச்சையாக, திப்பியும் திரவமுமாக ஒன்று இறங்கிற்று. வாயில் வைத்ததும் நாக்கு மடங்கிக் கொண்டது. வேப்பெண்ணெய் கூட அதற்குப் பக்கத்தில் பாயசம். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "மருந்துன்னா இதுதான்" என்றார். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையால் எனக்கும் தினம் ஒரு அளவு உண்டு. அவரை மட்டும் அந்தக் கசப்போடு தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

பின்னால் ஒரு தடவை குன்னூர் நண்பர் வந்தபோது அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்து உபசரித்தோம். ஒரு வாய் குடித்தவர் முற்றத்துக்கு ஓடித் துப்பினார். "என்ன அநியாயம் இது! கொதிச்ச வெந்நீரை விட்டு, கொஞ்ச நாழி மூடி வெச்சு வடிகட்ட வேண்டியதுதானே!" என்று சிரித்தார். என் கணவர் அதை ஏற்கவில்லை. "அது குடிக்கறவாளுக்கு. இது பத்தியத்தோட சாப்பிடறவாளுக்கு" என்று சொல்லிவிட்டார். அந்த நண்பர் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும்தான் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

மூன்று நான்கு மாதத்தில் பிரஷர் நன்றாக இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக என் கணவர் வந்து சொன்னார். முகம் தெளிந்திருந்தது. தலைசுற்றல் இல்லை. எனக்குத் தாயார் கண் திறந்துவிட்டாள். அவருக்குக் கஷாயம் கண் திறந்துவிட்டது. தெருவில் செய்தி பரவிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கூடத்தில் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். அவர் பேசுவார். ரத்தம் இளகுமாம். ஊளைச்சதை கரையுமாம். ஜீரணம் ஆகுமாம், கண் தெளியுமாம், ஞாபகசக்தி வருமாம், பல் கெட்டிப்படுமாம். வழுக்கைத் தலையில் முடி முளைப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கும் யாராவது கேட்டிருந்தால் ஒரு பதில் வைத்திருப்பார்.

கடைசியில் எப்போதும் பத்தியம் சொல்வார். புளி குறைக்க வேண்டும். காபி வாசனையே கூடாது. இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும். எல்லாரும் தலையாட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் நாட்டு மருந்து சாப்பிடுகிற எல்லாரும் நம்புவதுதான் அது. அவராகக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அவர் வாயால் சொன்னார். அதை மறக்க முடியவில்லை.

என் தம்பி தென்னூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி வந்தான். கீழே வீடு, மாடியில் எட்டுப் பத்து மிஷின். விடியற்காலை முதல் பெண்களும் பையன்களும் வந்து தடதடவென்று அடிப்பார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எந்த மிஷினில் யார் தப்பு எழுத்தைத் தட்டினார்கள் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவான். விளையாட்டுப் பேச்சுக்காரன். என் கணவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். அத்திம்பேர் ஒன்று சொல்லிவிட்டால் அது வேதம்.

அவனுக்கும் பிரஷர் வந்தது. அவனுக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தார். சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் போட்டால் மூக்கு அடைத்துக்கொள்கிறது, பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறது, வகுப்பில் உட்கார முடியவில்லை என்று என்னிடம் வந்து புலம்புவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் வழக்கமான சபை கூடியிருந்தது. அவர் பேசி முடித்ததும் தம்பி எழுந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்தான். "அத்திம்பேர், இன்னிலேர்ந்து நானும் உங்க கட்சி" என்றான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்து ஜலதாரையில் புட்டியைக் கவிழ்த்து, ஒரு செம்பு தண்ணீரையும் விட்டான். மாத்திரைகள் கரைந்துகொண்டே ஓடின. எதிர் வீட்டு மாமா கைதட்டினார்.

என் கணவர் அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மாத்திரைகள் ஓடிய பக்கமே பார்த்தார். பிறகு தம்பியின் தோளைத் தட்டி, "பத்தியத்தை மட்டும் விட்டுடாதே" என்றார். நான் சமையலறையிலிருந்து கஷாயத்தைக் கொண்டு வந்து கொடுத்தேன். தம்பி முகத்தைச் சுளித்துக் குடித்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில், காலை வகுப்பில், ஒரு பெண்ணுக்கு விரல் வைக்கிற முறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது தம்பியின் வலது கை மிஷின் மேலேயே தங்கிவிட்டது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தானாம், சொல் வரவில்லையாம். அந்தப் பெண்கள்தான் கூச்சல் போட்டு அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்து அந்தக் கோணல் வாயாலேயே சிரிக்கப் பார்த்தான். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

என் கணவர் ஆபீஸுக்கு லீவு போட்டார். அவனோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுவது, எல்லாம் அவர்தான். ஒரு நர்ஸ் என்னிடம், "கூடப் பிறந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டாங்கம்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கிற்று. இப்படி ஒரு மனிதரைக் கொடுத்ததற்காக அன்றைக்குப் பெருமாளுக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியைத் திருப்பி வாங்க முடியுமானால் வாங்கிவிடுவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் என் கணவரோடு வேலை செய்பவர் ஒருவர் வந்து நின்றார். மேலப்புதூர்க்காரர், கிறிஸ்தவர். நல்ல மனிதர், கிறிஸ்மஸுக்கு எங்களுக்கென்று பழமாகப் பார்த்துக் கொண்டு வருவார். சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

"சார் ஆஸ்பத்திரியிலயே இருக்காருன்னு கேள்விப்பட்டேங்க. அவசரத்துல இதை மேஜை டிராயர்லயே விட்டுட்டுப் போயிட்டாரு. ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதா அவரே சொல்லியிருக்காரு. அதான் கொண்டாந்தேன்" என்றார்.

"என்னது?" என்று கேட்டேன்.

"பிரஷர் மாத்திரைங்கம்மா. சார் தினம் காலைல வந்ததும் கேண்டீன் காபியோட ஒண்ணு போட்டுப்பாரு இல்லைங்களா? லீவு நாளுக்கு மட்டும் பையில எடுத்துட்டுப் போவாரு."

அவருக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். உட்காருங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன். சின்ன வெள்ளை மாத்திரை. தம்பி முற்றத்தில் கொட்டிக் கரைத்த அதே மாத்திரை. "வரேங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனது காதில் விழுந்தது.

என் கணவருக்கு வருஷம் பூராவும் மூக்கடைப்பு இருந்ததே, கொள்ளிடத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சாதத்துக்கு மிளகு சாத்தமுதும் குடிக்கச் சுக்கும் வைத்துக் கொடுத்தேனே என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை முட்டாளாக இருந்திருக்கிறேன்! என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. காபியை விட்டதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. நான் தலையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த அதே காலையில் அவர் கேண்டீனில் ஆற்றி ஆற்றிக் குடித்திருக்கிறார்.

சாயங்காலம் தம்பியின் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் குளிக்க வீட்டுக்கு வந்தார். பொட்டலத்தை அவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"முதல்லேர்ந்து."

"மருந்தே வேண்டாம்னு டாக்டர் சொன்னார்னேளே?"

அவர் பொட்டலத்தைத் திருப்பி மடித்தார். நான் விடவில்லை. "ஏன் மறைச்சேள்?"

"மாத்திரை போட்டுக்கறேன்னு தெரிஞ்சா எல்லாரும் என்னை அப்பாவைப் பாத்தா மாதிரி, அண்ணாவைப் பாத்தா மாதிரி பாப்பா. 'இவனுக்கும் வந்துடுத்து'ன்னு. அதை என்னால தாங்க முடியாது. அப்பறம் கஷாயத்தைப் பத்தி ஆளாளுக்குக் கேக்க ஆரம்பிச்சுட்டா. நடுவுல எப்படிச் சொல்றது?"

"தெருவுக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"நீ காபியை விட்டுட்டு வந்து நின்னே. அதுக்கப்பறம் எந்த முகத்தோட சொல்வேன்?"

என் விரதத்தையே எனக்கு எதிராகத் திருப்பி வைத்துவிட்டார் பாருங்கள். "என்னை விடுங்கோ. நான் ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன். அவன் முத்தத்துல புட்டியைக் கவுத்தப்போ பக்கத்துலதானே நின்னேள்? 'டேய், வேண்டாம்டா, நானும் போட்டுண்டுதான் இருக்கேன்'னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. காதோட சொல்லியிருக்கலாமே!"

"எல்லாரும் இருந்தா..." என்றார். பிறகு, "கஷாயமும் கொஞ்சம் வேலை செய்யும்னு நிஜமாவே நம்பினேன்" என்றார்.

எல்லாரும் என்றால் யார்? எதிர் வீட்டு மாமாவும் இன்னும் மூன்று கிழங்களும். அவர்கள் முன்னால் தலை குனியக் கூடாது என்பதற்காக என் தம்பியின் மாத்திரை சாக்கடையில் போவதை நின்று பார்த்திருக்கிறார். அவர் பொல்லாதவராக இருந்திருந்தால்கூட எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். பொல்லாதவர் இல்லை. அன்றைக்கு ராத்திரியும் ஆஸ்பத்திரிக்குப் போய் என் தம்பிக்குக் கால் பிடித்துவிட்டவர் அவர்தான்.

"அவன்ட்ட நீங்களே சொல்லிடுங்கோ. அது போதும் எனக்கு" என்றேன்.

"சொல்றேன். கொஞ்சம் தேறட்டும். அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

மறுநாளிலிருந்து அவருடைய மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரோடுதான். அவர் செத்துப் போகட்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபை தானாகக் கலைந்துபோயிற்று. ஒரு நாள் எதிர் வீட்டு மாமா மட்டும் வந்து, "கஷாயம் இருக்காம்மா?" என்று கேட்டார். "இங்கே கிடையாது. உடம்புக்கு ஏதாவதுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பினேன். மண்சட்டியைக் கொல்லையில் போட்டு உடைத்தேன்.

தம்பி வீட்டுக்கு வந்தான். கால் கொஞ்சம் வந்தது, பேச்சும் குழறலாக வந்தது. வலது கை வரவில்லை. மாடியில் வகுப்பை அவன் பெண்டாட்டி எடுத்து நடத்தினாள். நான் அவ்வப்போது கணவரைக் கேட்பேன், "சொல்லியாச்சா?" என்று. "வர வாரம்" என்பார். பொங்கல் கழியட்டும் என்பார். பங்குனி உற்சவம் முடியட்டும் என்பார். உடம்பு சரியில்லாதவன் மனசு கலங்கிவிடக் கூடாதே என்று நானும் பொறுத்தேன்.

அப்படியே ஒரு வருஷம் போய்விட்டது. வைகுண்ட ஏகாதசி கழிந்து இரண்டு பேருமாகத் தென்னூருக்குப் போனோம். கோயில் பிரசாதம் கொண்டு போயிருந்தேன். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே மிஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. பிரசாதத்தை அவன் இடது கையில் வைக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டான்.

"இரு அக்கா. பொய்யை உள்ள வெச்சுண்டு பிரசாதம் வாங்கிக்க மாட்டேன். அத்திம்பேர்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். ஒவ்வொரு வார்த்தையாக, இழுத்து இழுத்துச் சொன்னான். "நான் பத்தியத்தை முறிச்சுட்டேன் அத்திம்பேர். மிஷினுக்கு ரிப்பன் வாங்கத் தெப்பக்குளம் பக்கம் போனப்போ ஹோட்டல்ல காபி குடிச்சேன். ரெண்டு தரம். யாருக்கும் தெரியாது. அதனாலதான் கஷாயம் என்னைக் கைவிட்டுடுத்து. ஊர்ல எல்லாரும் கஷாயத்தைத் தப்பு சொல்றா. உங்க பேரை நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்கோ."

நான் என் கணவரைப் பார்த்தேன். இதைவிட ஒரு சமயம் வாய்க்காது. வாயைத் திறந்தால் போதும். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷமாக எனக்குள் இருந்த கசப்பெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். மனசுக்குள் அவரைக் கெஞ்சினேன்.

அவர் நாற்காலியை நகர்த்தி அவன் பக்கத்தில் போய், அவன் தோளில் கையை வைத்தார்.

"அதை விடுடா. நடந்தது நடந்துடுத்து. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை" என்றார்.

என் தம்பியை அவர் மன்னித்தார்!

"கையை எடுங்கோ அவன் மேலேர்ந்து" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தம்பி விழித்தான். "டேய், இவர் முதல் நாள்லேர்ந்து மாத்திரை போட்டுண்டிருந்தார்டா. நீ கொட்டினியே, அதே மாத்திரை. தினம் ஆபீஸ்ல, காபியோட. நீ கொட்டினதுக்கு மறுநாள்கூட. இவர் பிரஷரை இறக்கினது கஷாயம் இல்லை. மாத்திரை" என்று சொல்லி முடித்தேன்.

அவன் அவரைத் திட்டுவான், கத்துவான், அழுவான் என்றெல்லாம் நினைத்தேன். அவன் அவர் பக்கமே திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ நான் காபி குடிச்சதாலே இல்லையா அக்கா?"

"இல்லைடா."

"நிஜமாவா?"

"இல்லவே இல்லைடா கண்ணா."

அவன் அழ ஆரம்பித்தான். துக்கத்தில் அழவில்லை, அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. கோணிய அந்த வாய் சிரித்துக்கொண்டே அழுதது. ஒரு வருஷம் முழுவதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் காபியால் தன் கையைத் தானே தொலைத்துவிட்டோம், அக்கா புருஷனின் பெயரையும் கெடுத்துவிட்டோம் என்று அவன் வெந்துகொண்டிருந்திருக்கிறான். ஒரு வார்த்தையில் அதை இறக்கி வைத்திருக்கக் கூடியவர் வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

என் கணவர் பிறகு ரொம்ப வருஷம் இருந்தார். அவர் குடும்பத்து ஆண்களில் அத்தனை வயது யாரும் இருந்ததில்லை. கடைசி வரைக்கும் அவருக்குச் செய்ய வேண்டியதை நான் குறைவில்லாமல் செய்தேன். என் தம்பியின் கை போனதைக்கூட, பயந்த மனிதர், வாய் வரவில்லை என்று எப்போதாவது மன்னித்திருப்பேனோ என்னவோ. அவன் காபியை நினைத்து உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருஷத்தை நான் மன்னிக்கவில்லை.